நான்காம் படிவத்தின் பன்னிரண்டாவது வரி

1

இந்தக் கதை ஒரு காலி வரியிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு 'கடைசிவரை மறைத்து ஏமாற்றிவிட்டாள்' என்று யாரும் சொல்லக் கூடாது. எங்கள் குடும்பத்தைப் பற்றி அப்படி ஒரு பேச்சு இதுவரை வந்ததில்லை.

காலி வரி இருப்பது ஒரு படிவத்தில். எங்கள் தெரு முடிகிற இடத்தில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தண்ணீரில் கலப்பதற்காக அங்கே குளோரின் வாயுவை ஆளுயர இரும்பு உருளைகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அது கசிந்தால் தெரு என்ன செய்ய வேண்டும் என்று தெருக்காரர்களே உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதியிருக்கிறோம். அதில் ஆறு படிவங்கள். நான்காவதற்குத் தலைப்பு: 'ஆபத்து நேரத்தில் ஒருவர் நேரில் போய் அழைக்க வேண்டியவர்கள்'. வீட்டு எண், பெயர், காரணம், போய் அழைப்பவர் என்று நான்கு கட்டம். மொத்தம் பன்னிரண்டு வரி. பதினொன்று நிரம்பிவிட்டது. திங்கட்கிழமை காலை திட்டம் நிலையத்துக்குப் போக வேண்டும். இன்று வெள்ளி.

மிச்சமான படிவங்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். இப்போதும் வாரத்தில் ஒரு நாள் கூப்பிடுகிறார்கள், போகிறேன். அடுத்தவர் எழுதியதை அடித்துப் பழகிய கைக்குச் சொந்த வாக்கியமும் அந்நியமாகத்தான் தெரிகிறது. அடித்தவற்றை அடித்தபடியே விட்டுவைக்கிறேன். என் தயக்கமும் அச்சில் இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்:

"மஞ்சளும் பச்சையும் கலந்த புகை, சத்தமில்லாமல் தெருவுக்குள் ஊர்ந்து வந்தது. அதைக் கண்ட முதல் மனிதன் அலறக்கூட..."

[நிறுத்திவிட்டேன். அப்படி எதுவும் ஊர்ந்து வரவில்லை. ஒரு வால்வு லேசாகக் கசிந்தது. அது ஐந்தாம் பகுதியில் வரும். கூட்டம் கூட்டமாக ஆட்கள் விழும் கதை வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள்.]

இரண்டாவது தொடக்கம்:

"தலைவர் நிமிர்ந்து நடப்பார். அறுபத்தெட்டு வயதிலும் அந்த முதுகு அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல..."

[வேண்டாம். தன் கணவரை ஒருத்தி இப்படி வர்ணித்தால் தெரு சிரிக்கும். முதுகைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை.]

ஆமாம், தெருக் குழுவின் தலைவர் என் கணவர்தான். கதையிலும் அவரைத் 'தலைவர்' என்றே எழுதப் போகிறேன். அப்படி எழுதினால் நாலடி தள்ளி நின்று பார்க்க முடிகிறது. 'அவர்' என்று எழுதினால் நானே போய்ப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். பக்கத்தில் நின்று பழகியதுதான் இந்தக் கதையில் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம்.

மூன்றாவது தொடக்கம்:

"தலைவருக்குக் காது கேட்காது."

[இந்த வாக்கியத்தை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். அடித்த கோட்டுக்குக் கீழேயும் அது படிக்கும்படியாகத்தான் இருக்கிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.]

3

தலைவர் நெசவாலையில் தறிக்கூடத்து மேற்பார்வையாளராக இருந்தவர். நூற்றுப்பத்துத் தறிகள் ஒன்றாக ஓடும் கூடம். அங்கே யாரும் யாரிடமும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் பயனில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். முப்பத்துநான்கு வருஷத்தில் அந்தத் தறிகள் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டன. பதிலுக்குக் கொடுத்தது அந்த ஒரு வித்தையைத்தான். உதட்டைப் பார்த்தால் போதும், நாற்பதடி தூரத்திலிருந்தும் படித்துவிடுவார். யாராவது முதுகுக்குப் பின்னால் பேசினால்தான் சிக்கல்.*

அந்தச் சிக்கலுக்குத்தான் நான் இருந்தேன். ஆறு வருஷமாக அவருடைய இடது முழங்கைப் பக்கம். ஒரு தடவை தொட்டால், யாரோ பேசுகிறார்கள், திரும்புங்கள். இரண்டு தடவை தொட்டால், வாசலில் ஆள். அழுத்தினால், 'ஆமாம்' என்று சொல்லிவிடுங்கள். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை. பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு. தெருவுக்கு நாங்கள் எப்போதும் ஒட்டிக்கொண்டு நடக்கும் தம்பதி. பார்ப்பவர்கள் பொறாமைப்படுவார்கள். படட்டும் என்று விட்டுவிட்டேன்.

[* என் நாத்தனார் இதைப் படித்தால், "எங்கண்ணன் முதுகுக்குப் பின்னால பேச யாருக்கு அண்ணி தைரியம் இருக்கு?" என்பாள். அவள் பேசியிருக்கிறாள். நான் கேட்டிருக்கிறேன்.]

எதற்கு இந்த மறைப்பு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுப் பெயர் எப்போதும் கொடுப்பவர் பட்டியலில் இருக்கும், பெறுபவர் பட்டியலில் இருந்ததில்லை. என் மாமனார் கால் உடைந்த அன்றுகூடத் தானே நொண்டிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார், ஒருவர் தோளையும் பிடிக்கவில்லை. அந்த வீட்டுக்கு வாழ வந்தவள் நான். அதைக் காப்பாற்றுவது என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். யாரும் என்னை அதற்கு நியமிக்கவில்லை.

இப்போது நான்காம் படிவம். அதில் பெயர் எழுதத் தெருவில் ஒருவரும் முன்வரவில்லை. தலைவர் பேனாவும் தாளுமாக வீடு வீடாகப் போனார், இடது பக்கத்தில் நான். அதே தெருவில் தனி வீட்டில் இருக்கும் நாத்தனார் மட்டும்தான் கேட்ட உடனே சம்மதித்தாள். அவளுக்கு முழங்கால் மடங்காது. "என் பேரைப் பெரிசா எழுதுங்கண்ணே. தூக்கிட்டுப் போக ரெண்டு பேரு வேணும்னு போடுங்க, ஒருத்தர் பத்தாது" என்றாள்.

ஓவிய ஆசிரியர்தான் கஷ்டப்படுத்தினார். அவருக்குப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. ஆனாலும் சுவரில் அவர் வரைந்த படத்தைக் காட்டி வண்ணம் வண்ணமாக விளக்குவார்.

"எனக்கு எதுக்கு ஆளு? கண்ணை மூடிட்டுப் போவேன் நானு" என்றார்.

"கண்ணைத் திறந்தாலும் அதே கதைதானேய்யா" என்றார் தலைவர்.

"ஏன், உங்களுக்குக் கிண்டலாப் போச்சா? பட்டியல்ல பேரு வந்தா நாளைக்கு நாலு பேரு பரிதாபமாப் பாப்பான்."

"பாத்தா உங்களுக்குத் தெரியவா போகுது?"

ஆசிரியர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. குனிந்து, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "பேரு எழுதறதுல என்னய்யா கேவலம்? வாயு வந்து, இது மரியாதைப்பட்ட வீடு, இங்க நுழையக் கூடாதுன்னு திரும்பிப் போயிடுமா?"

இதே வாக்கியத்தைப் பத்து வீட்டு வாசலில் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். நல்ல வாக்கியம். திருத்த ஒன்றுமில்லை. பன்னிரண்டாவதாக எங்கள் வாசலுக்கு வந்தபோது, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் பின்னால் போய்க் கதவைச் சாத்தினேன்.

4

மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, காலை பதினொரு மணி. சைரன் சோதனை.

[இங்கே பாதுகாப்பு அதிகாரியை அறிமுகப்படுத்த வேண்டும். அந்தப் பாத்திரத்தில் எனக்குத் தகராறு. முதல் வரைவில் அவளைத் திமிர் பிடித்தவளாக எழுதினேன். அவள் திமிர் பிடித்தவளாக இருந்தால் நாங்கள் செய்தது நியாயமாகத் தெரியும். ஆனால் அவள் அப்படி இல்லை. நிலையத்திலிருந்து நடந்தே வருவாள், தண்ணீர் கேட்டுக் குடிப்பாள், செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். இப்படிப்பட்டவளை வில்லியாக்க எவ்வளவோ முயன்றேன், பேனா மறுக்கிறது.]

திட்டப்படி சைரன் மூன்று முறை நீளமாக ஒலித்தால் எல்லோரும் வீட்டுக்குள் போய்க் கதவு, சன்னலைச் சாத்திக்கொண்டு மாடிக்கு ஏற வேண்டும். குளோரின் கனமான வாயு, தாழ்வான இடத்தில்தான் தங்கும். இது அதிகாரி சொல்லிக் கொடுத்தது. இதில் எங்கள் தெரு சொந்தமாக ஒன்றைச் சேர்த்திருந்தது. சைரன் கேட்டதும் தலைவர் பச்சைக் கொடியைத் தூக்குவார். கொடியைப் பார்த்த பிறகுதான் ஜனங்கள் நகர வேண்டும். ஒரு ஒழுங்கு வேண்டும் அல்லவா? குழுவின் செயலாளரான தையல்காரர், பாவாடைக்கு வைத்திருந்த சாட்டின் துணியில் கொடி தைத்துக் கொடுத்தார்.

"கொடி எதுக்கு ஐயா? சைரனே போதுமே" என்று அதிகாரி கேட்டாள்.

"தெருவுக்குத் தலைவர்னு ஒருத்தர் இருக்கும்போது, சைரன் சொல்றதை மட்டும் எப்படிம்மா கேக்கறது?" என்றார் தையல்காரர்.

அன்று அதிகாரி என்னை எதிர்வீட்டு மாடி சன்னலில் நிற்க வைத்தாள். எத்தனை வீட்டில் சன்னல் சாத்துகிறார்கள் என்று எண்ணுவது என் பொறுப்பு. மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய இடது பக்கம் காலியாக இருந்தது.

பதினொரு மணிக்குச் சைரன் ஒலித்தது. மின்கம்பியில் இருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. கடைசி வீட்டு நாய் கூடவே ஊளையிட்டது. என் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நாற்பது வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றுகொண்டு, நடுத்தெருவில் நிற்கும் தலைவரையே பார்த்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொடி கீழேயே இருந்தது.

யாரும் நகரவில்லை. தலைக்குமேல் சைரன் அலறுகிறது, ஒரு தெரு முழுக்க ஒரு முழத் துணிக்காகக் காத்து நிற்கிறது. நான் எண்ணினேன்: சாத்திய சன்னல், பூஜ்யம்.

மூன்றாவது ஊதலும் ஓய்ந்த பிறகு தலைவர் நிமிர்ந்தார். "பதினொண்ணு மூணு ஆச்சு. எங்கம்மா உங்க சைரன்? தூங்குதா?"

அதிகாரியின் கழுத்தில் சத்தம் அளக்கும் கருவி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஐயா, இப்பத்தான்..."

"இப்பத்தான்னா? சைரன் என்ன பஸ்ஸா, இப்பத்தான் கிளம்பிச்சு, வந்துட்டிருக்குன்னு சொல்ல?"

ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்காரர் தரையைப் பார்த்தார். நாத்தனார் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். இன்னும் ஒரு நொடி போனால் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நொடியை நான் கொடுக்கவில்லை. சன்னலிலிருந்து கத்தினேன்:

"அடிக்கலைங்க! அடிக்கவே இல்லை!"

தலைவர் என்னைப் பார்த்தார். என் உதட்டைப் படித்தார். தலையை ஆட்டினார்.

"நானும் கேக்கலைண்ணே" என்றார் தையல்காரர்.

"ஒரு சத்தமும் இல்லை. நாய்தான் கொலைச்சுது" என்றாள் நாத்தனார்.

"நான் பாக்கவும் இல்லை, கேக்கவும் இல்லை" என்றார் ஓவிய ஆசிரியர்.

'சைரன் ஒலிக்கவில்லை' என்ற தாளில் முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அதிகாரி தாளை வாங்கி, அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

5

தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டால் நிலையம் சும்மா இருக்க முடியுமா? திங்கட்கிழமையே சைரனைக் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பிவிட்டார்கள். கம்பம் மட்டும் நின்றது. "பாத்தியா? நாம கேட்டதாலதான் நடவடிக்கை" என்றார் தலைவர். நான் முழங்கையை அழுத்தினேன். "ஆமாம்" என்றார், தனக்குத் தானே.

ஆக, நன்றாக வேலை செய்த ஒரு சைரனை என் ஒரு சொல்லால் கீழே இறக்கினேன். இந்த வாக்கியத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதில் பிழை ஒன்றும் அகப்படவில்லை.

இந்த வாரம் புதன்கிழமை வால்வு கசிந்தது. நான் அச்சகத்தில் இருந்தேன். சைரன் இல்லாததால் அதிகாரி ஸ்கூட்டரில் கையில் ஒலிபெருக்கியோடு தெருவைச் சுற்றியிருக்கிறாள். இந்தத் தடவை யாரும் கொடிக்குக் காத்திருக்கவில்லை. நான்காம் படிவத்தில் இருந்த பதினொரு பேரையும், போய் அழைக்க வேண்டியவர்கள் போய் அழைத்து மாடியேற்றினார்கள். நாத்தனாரைத் தூக்க இரண்டு பேர் வந்தார்களாம். "மூணு பேரா எழுதியிருக்கணும்" என்று அவர்களில் ஒருவர் முனகினாராம். எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? தலைவர் வீடு. அவருக்குத் தெரியாதா?

தலைவர் பின்கட்டில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலை முடிந்து தெருவுக்கு வந்திருக்கிறார்.

மீதியைத் தையல்காரர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"அண்ணி, தெருவுல ஈ காக்கா இல்லை. அண்ணன் மட்டும் நடுவுல நிக்கறாரு. 'இந்த வெயில்ல எவன்யா சன்னலையெல்லாம் சாத்தி வெச்சிருக்கான்?'னு ஒரே சத்தம். நான் மாடி சன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கத்தறேன், கத்தறேன், எங்க கேக்கும்? அப்புறம்தான் கத்தறதை விட்டுட்டு வாயை மட்டும் நல்லாத் திறந்து, மெதுவா, 'வா-யு, மே-ல வாங்-க'ன்னேன். அண்ணன் டக்குன்னு நிமிந்து பாத்துப் படிச்சுட்டாரு. நான் ஈரத்துணியோட கீழ ஓடியாந்து மூக்கைக் கட்டி இழுத்துட்டு வந்தேன். துணி என்ன துணி தெரியுமா? கொடிக்கு வெட்டினதுல மிச்சம்."

"உனக்கு எப்படித் தெரியும், வாயை அசைச்சாப் போதும்னு?" என்று கேட்டேன்.

தையல்காரர் ஊசியில் நூல் கோப்பதுபோல் கண்ணைச் சுருக்கினார். "அண்ணி, ஆறு வருஷமா அண்ணனுக்குச் சட்டை தைக்கறேன். இடது முழங்கைதான் முதல்ல நைஞ்சு போகுது."

நான் காப்பாற்றிய ரகசியத்தை ஒரு தெருவே சேர்ந்து, என்னிடமிருந்தும் காப்பாற்றியிருக்கிறது.

காற்று அன்று வேறு பக்கம் அடித்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. நான் போனபோது தலைவர் தையற்கடை மாடியில், மூக்கில் பச்சை சாட்டின் துணியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "சைரன் இல்லாம எப்படித் தெரியும்?" என்றார். சுற்றி இருந்தவர்கள் "அதானே" என்றார்கள். வாழ்நாள் முழுக்க முகத்தைப் பார்த்தே பேசிய மனிதர், அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை.

6

வியாழக்கிழமை அதிகாரி வீட்டுக்கு வந்தாள். தலைவர் தெருமுனைக்குப் போயிருந்தார்.

"சைரன்ல ஒரு பழுதும் இல்லைன்னு பட்டறையில எழுதிக் கொடுத்துட்டாங்கம்மா. திங்கட்கிழமை மறுபடி மாட்டிடுவோம். அன்னைக்கு என் கருவியிலயும் பதிவாயிருக்கு."

நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"முப்பத்தேழு பேரு கேக்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. சைரன் நல்லா இருக்கு. அப்ப நான் என்னம்மா எழுதறது? முப்பத்தேழு பேருக்கும் காது கேக்காதுன்னு நாலாம் படிவத்துல எழுதவா?"

"எழுதிக்கோ. முதல்ல என் பேரைப் போடு" என்றேன் விறைப்பாக.

"அம்மா, நாலாம் படிவத்துல ஒரு வரி காலியா இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "புதன்கிழமை காத்து இந்தப் பக்கம் அடிச்சிருந்தா?"

"எங்க வீட்டுல யார் பேரும் இந்த மாதிரிப் பட்டியல்ல வந்ததில்லை."

"இது பட்டியல் இல்லைம்மா. யாரு போய்..."

"யாரு போய் அழைக்கணும்ங்கற குறிப்பு. தெரியும். அந்த வரியைத் திருத்திக் கொடுத்ததே நான்தான்."

அவள் செம்பைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நான் படிவத்தை மேசைமேல் வைத்தேன். மறுநாள் அதன் மிச்சத் தாளைத் திருப்பி, இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

7

சனிக்கிழமை. இதுவரை யோசித்த முடிவுகள்:

முடிவு அ: நானே அவர் பெயரை எழுதிவிடுகிறேன். படிவம் போகிறது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்துகிறார். [பேசாமல் இருந்தால் உதட்டைப் படிக்க மட்டும் வருவாரா? வரமாட்டார். மிக அமைதியான வீடாகிவிடும்.]

முடிவு ஆ: தையல்காரர் ரகசியமாக எழுதுகிறார். தெரு வழக்கம்போல எதுவும் தெரியாததுபோல் இருக்கிறது. [கிட்டத்தட்ட இப்போது நடப்பதே இதுதான்.]

முடிவு இ: திங்கட்கிழமை காலை தலைவர் மனம் மாறி, கண்கலங்கி,

[தலைவர் கண்கலங்கமாட்டார். இந்த மாதிரி வாக்கியத்தை அடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.]

முடிவு ஈ: நான் அச்சகத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறேன். இனி ஒரு நொடியும் அவர் இடது பக்கத்தை விட்டு நகர்வதில்லை. காலி வரி காலியாகவே போகிறது.

இந்த முடிவுதான் எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சுத்தமாக எழுதிவிடலாம் என்று மேசை இழுப்பறையிலிருந்து தாள்களை எடுத்தேன். நான்காம் பகுதியின் ஓரத்தில், 'பதினொரு மணிக்குச் சைரன் ஒலித்தது. மின்கம்பியில் இருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன' என்ற இடத்துக்கு நேராக, பென்சிலில் ஒரு குறிப்பு. என் கையெழுத்து இல்லை.

'புறாக்கள் பறந்தது பதினொன்று ஒன்றுக்கு. கடிகாரம் என் கையில்தான் இருந்தது.'

அவ்வளவுதான் எழுதியிருந்தார். வேறெங்கும் ஒரு கோடுகூட இல்லை. மூன்றாவது தொடக்கத்தைக்கூடத் தொடவில்லை.

புறாக்களைப் பார்த்திருக்கிறார். பார்த்த நொடியில் புரிந்ததா, அதிகாரியின் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்ததா, தெரியாது. எப்படியானாலும், 'அடடா, கவனிக்கலைம்மா' என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பி வர அவருக்கு ஒரு வழி இருந்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் நான் எதிர்வீட்டு மாடியிலிருந்து கத்தினேன். அவர் என் உதட்டில் ஒரு பொய்யைப் படித்தார். தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார். வெளியே வரும் கதவை நான்தான் சாத்தினேன். குடும்ப கௌரவம் என்று நான் காப்பாற்றியது அவருடையதா, என்னுடையதா?

நேரத்தைத் திருத்திவிட்டேன். இல்லை, நான்காம் பகுதியில் திருத்தவில்லை. அங்கே என் பிழை அப்படியே இருக்கட்டும். இங்கே எழுதுகிறேன்: புறாக்கள் பதினொன்று ஒன்றுக்குத்தான் பறந்தன.

8

ஞாயிறு மாலை, தையற்கடையில் கடைசிக் கூட்டம். நான் இந்தத் தடவை தலைவருக்கு இடது பக்கம் உட்காரவில்லை. நேர் எதிரில், என் முகம் தெரியும் இடத்தில் உட்கார்ந்தேன். தலைவர் ஒரு முறை இடது பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதிகாரி மூலையில் இருந்தாள்.

"நாலாம் படிவத்துல ஒரு வரி இருக்கு" என்றார் தலைவர். "யாராவது விட்டுப் போயிருக்கா?"

தையல்காரர் எழுந்தார். "என் பேரைப் போடுங்கண்ணே. காரணம், காது கேக்காது."

"உனக்கா?"

"அன்னைக்குச் சைரன் கேக்கலைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே. பட்டறையில சைரன் நல்லா இருக்குன்னுட்டாங்களாம். அப்ப கோளாறு என் காதுலதானே?"

"எனக்கும் போடுங்க" என்றாள் நாத்தனார். "முழங்காலோட சேத்து எழுதிக்கோங்கண்ணே, தனி வரி வேண்டாம்."

"எனக்கும். கண்ணு ஏற்கெனவே போட்டாச்சு, காதையும் சேத்துடுங்க" என்றார் ஓவிய ஆசிரியர். "இனி என்கிட்ட மிச்சம் மூக்குதான். வாயுக்கு அது போதும்."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிரிப்பு கிளம்பியது. அதிகாரி கூடுதல் தாள் தேடிப் பையைத் துழாவினாள். தலைவர் மட்டும் ஒவ்வொரு வாயாகப் படித்துக்கொண்டிருந்தார். ஏழாவது ஆள் எழுந்தபோது கையைக் காட்டினார்.

"போதும். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு. அன்னைக்கு அடிச்சுதா?"

கடை அமைதியானது. அமைதி அவருக்குத் தெரிந்திருக்காது, எங்களுக்குத்தான் தெரிந்தது. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்த முழங்கை இல்லை. சன்னல் இல்லை. கத்த வேண்டிய தூரமும் இல்லை.

"அடிச்சுதுங்க."

"எத்தனை தடவை?"

"மூணு. நீளமா."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு ஒண்ணுக்கு."

அவர் தலையை ஆட்டினார். அன்று ஆட்டியதுபோல இல்லை. பேனாவைத் திறந்து, பன்னிரண்டாவது வரியின் முதல் கட்டத்தில் 14 என்று எழுதினார். அது எங்கள் வீட்டு எண். பிறகு பேனாவை மூடாமல் தாளின்மேல் வைத்துவிட்டு, "டீ சொல்லுப்பா" என்று தையல்காரரிடம் சொன்னார்.

9

ஞாயிறு அந்தி. படிவம் இதோ மேசைமேல் என் எதிரில் இருக்கிறது. வீட்டு எண் மட்டும் எழுதியிருக்கிறது. மற்ற மூன்று கட்டமும் காலி. தலைவர் பின்கட்டில் மின்விசிறியை மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் அதிகாரி வந்து வாங்கிக்கொள்வாள்.

பெயரையும் காரணத்தையும் அவரே எழுதுவார் என்று நினைக்கிறேன். எழுதினாரா இல்லையா என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவருடைய வரி, நான் ஏற்கெனவே அதில் நிறையத் திருத்திவிட்டேன்.

நான்காவது கட்டம் இருக்கிறதே, 'போய் அழைப்பவர்', அதில் இத்தனை நாள் என் பெயர் எழுதாமலே இருந்தது. புதன்கிழமைகளில் நான் வீட்டில் இருக்கமாட்டேன். அச்சகத்துக்குப் போவதை நிறுத்தப் போவதில்லை. முடிவு ஈ-யை அடித்துவிட்டேன். ஆகவே அந்தக் கட்டத்தை உங்களிடம் விடுகிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், இனி எங்கள் வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

நீங்கள் எங்கள் தெருவில் இருக்கும்போது சைரன் மூன்று முறை ஒலித்தால், கொடியைத் தேடாதீர்கள். பதினான்காம் எண் வீடு, பச்சை வாசற்கதவு. மணியை அடிக்க வேண்டாம், நேரமும் மின்சாரமும் வீண். கதவு சாத்தியிருக்கும், பூட்டியிருக்காது. நேராகப் பின்கட்டுக்குப் போங்கள். இடது முழங்கையைத் தொடுங்கள்.

ஒரு தடவை போதும். திரும்பி, உங்கள் உதட்டைப் பார்ப்பார்.